‘அளவுக்கு மீறி’ என்றால் எவ்வளவு?

இரவு இரண்டே முக்கால் மணி. விமானத்தின் சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியான வீல் வெல்லுக்குள் தலையை நுழைத்தபடி நானும் அந்தப் பையனும் நின்றிருந்தோம். டார்ச் வெளிச்சத்தில், எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரின் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு துளி மெல்லத் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் டாஸ்க் கார்டில் இருந்தது ஒரே வரி. கசிவு உண்டா என்று பார்க்கவும். அளவுக்கு மீறிய கசிவு இருந்தால் மாற்றவும்.

"சார், அளவுக்கு மீறின்னா எவ்வளவு சார்?" என்றான்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பையன். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. துணியால் நுனியைத் துடைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஏழு துளி. அதுவும் சிஸ்டத்தில் பிரஷர் இல்லாதபோது. பம்பை ஓடவிட்டால் எத்தனை, ஆக்சுவேட்டர் நீண்டு சுருங்கும்போது எத்தனை, இதில் எந்த நிலையில் எண்ண வேண்டும், எதற்கும் கார்டில் ஒரு சொல் இல்லை. மேனுவலைத் திறந்து தேடினேன். பக்கத்துப் பாகங்கள் சிலவற்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை துளி என்று வரம்பு போட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் ‘அளவுக்கு மீறிய’தோடு நின்றுவிட்டார்கள். விமானம் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

அன்று என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ராத்திரியிலிருந்து மனதில் கிடக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் எழுதிவிட வேண்டும். பராமரிப்பு விதியில் ஒரு சொல் தெளிவில்லாமல் இருந்தால், அந்தத் தெளிவின்மை காகிதத்திலேயே தங்கிவிடுவதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு ராத்திரியில், தன் கையெழுத்தைப் போட்டு அதைத் தீர்த்துவைக்கிறார். அப்படித் தீரும்போது அது பெரும்பாலும் விமானம் கிளம்பும் பக்கமாகவே சாய்கிறது.

அதே விமானத்தின் இறக்கையில் எரிபொருள் கசிந்தால் எங்களுக்கு இந்தத் தடுமாற்றம் வந்திருக்காது. ஈரத்தைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். மேலே பவுடர் தூவினால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும், வழக்கமாக 30 நிமிடம். அதற்குள் நனைந்த பரப்பை அளந்து, கறையா, மெல்லிய கசிவா, பலத்த கசிவா, ஒழுக்கா என்று வகைப்படுத்த வேண்டும். எந்த வகை எந்த இடத்தில் இருந்தால் பறக்கலாம், எதற்கு விமானத்தை நிறுத்த வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. கண் சொக்கும் நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் விடை ஒன்றாகத்தான் வரும். அந்தப் பக்கத்தை எழுதியவர் ஹேங்கரில் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குத் தோன்றும்.

எங்களுக்குக் கார்டு ஆங்கிலத்தில் வரும், பேச்சு தமிழில் நடக்கும். "கேபிளைப் பாத்துட்டியா?" "பாத்துட்டேன்." இந்த ஒரு ‘பார்’ என்ற வினைக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே புரிந்தது. கண்ட்ரோல் கேபிள் ஒன்றின் நிலையையும் பிடிப்பையும் சரிபார்க்கச் சொல்லி கார்டு வந்தது. டார்ச் அடித்தேன், கேபிள் பளபளவென்று இருந்தது, பார்த்தாயிற்று என்றேன். மூத்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு பருத்தித் துணியை எடுத்து, கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுத்தார். ஓரிடத்தில் துணி சிக்கி நின்றது. மயிரிழை போல ஒற்றைக் கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதோடு விடவில்லை. காக்பிட்டில் ஒருவரை உட்காரவைத்து, கண்ட்ரோலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தச் சொன்னார். கப்பியின்மேல் படிந்திருந்த பகுதி மெதுவாக வெளியே வந்தது. தேய்மானம் முழுக்க அங்கேதான். நான் ‘பார்த்த’போது அது கப்பிக்குள் மறைந்திருந்தது. கார்டின் கணக்கில் நான் செய்ததும் பார்த்தல், அவர் செய்ததும் பார்த்தல்.

இந்தச் சிக்கல் தொழிலுக்குத் தெரியாமல் இல்லை. பராமரிப்புத் திட்டங்களை வகுக்கும் எம்.எஸ்.ஜி.-3 முறையில் பொதுவான கண் பரிசோதனை என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறார்கள். வேறு விதமாகச் சொல்லாதவரை கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். பகல் வெளிச்சமோ ஹேங்கர் விளக்கோ டார்ச்சோ போதும். பரப்பு முழுவதும் தெரியக் கண்ணாடி தேவைப்படலாம். விரிவான பரிசோதனை என்று கார்டில் இருந்தால் அது வேறு வேலை. அதற்குத் தனியாக நல்ல வெளிச்சம் வேண்டும், பூதக்கண்ணாடி போன்றவை வேண்டியிருக்கலாம், பரப்பைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். ‘கைக்கெட்டும் தூரம்’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். தரையில் நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வசதியை அது எடுத்துவிடுகிறது. ஏணி போட்டே ஆக வேண்டும்.

மேனுவல் எழுதும் ஆங்கிலத்துக்கும் இப்படிக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 1986-ல் தொடங்கி, 2005 முதல் ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் இருக்கும் எளிய தொழில்நுட்ப ஆங்கிலம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். செய்முறை வாக்கியம் இருபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஃபாலோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது என்றும் பொருள், சொன்னபடி கேட்டு நடப்பது என்றும் பொருள். இந்த முறையில் அது பின்னால் வருவதை மட்டுமே குறிக்கும். சொன்னபடி நடக்க வேண்டுமென்றால் ‘ஒபே’ என்று எழுத வேண்டும். நம் ‘செய்யவும்’ என்ற வடிவத்தை நினைத்துப் பார்க்கிறேன். ‘கதவை மூடவும்’ என்று ஓர் அறிவிப்பில் இருந்தால் அது கட்டளையா, வேண்டுகோளா? பல வருடமாக அதைப் படிக்கும் நமக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது. விதி எழுதுபவர்கள் அதனால்தான் கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல், விருப்பத்துக்கு ஒரு சொல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மேனுவலுக்கு இருக்கும் இந்தக் கடிவாளம் சட்டத்துக்கு இல்லை. அமெரிக்க விதிகளில் பெரிய பழுதுநீக்கம் என்பதற்கு உள்ள வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்யாவிட்டால் எடை, சமநிலை, கட்டமைப்பின் வலிமை, பறக்கும் தன்மை போன்றவற்றைக் ‘குறிப்பிடத்தக்க அளவு’ பாதிக்கக்கூடியது பெரிய பழுதுநீக்கம். ஏற்கப்பட்ட நடைமுறைப்படி செய்யாததும், எளிய செயல்களால் செய்ய முடியாததும் அதில் சேரும். சரி, சின்ன பழுதுநீக்கம் எது? பெரியதல்லாத எல்லாம். அவ்வளவுதான் வரையறை. எது பெரியது என்பதற்கு 43-ஆம் பகுதியின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனாலும் கையில் கிடக்கும் தகட்டு விரிசல் அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் அப்படியே வந்து உட்காராது.

இந்த வகைத் தெளிவின்மையை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்துக்கும் முந்நூறு பேர் ஏறும் விமானத்துக்கும் பொருந்தும்படி ஒரே வாக்கியம் எழுத வேண்டுமானால், ‘குறிப்பிடத்தக்க’ என்பது போன்ற ஒரு சொல்லைப் போட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணைப் போட்டால் பாதி விமானங்களுக்கு அது தப்பான எண்ணாகிவிடும். என் கவலை வேறு. பெரியது என்று முடிவானால் அங்கீகரிக்கப்பட்ட தரவு வேண்டும், தனிப் படிவம் வேண்டும், இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும். சின்னது என்றால் லாக்புக்கில் பதிவு போதும். எது என்று முதலில் முடிவு செய்வது யார்? அந்த வேலையைச் செய்யப்போகிறவர்தான். நேரமும் பணமும் யாரை நெருக்குகிறதோ அவர் கையிலேயே அந்தச் சொல்லையும் கொடுத்திருக்கிறோம்.

விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தச் சாய்வு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

2003 ஜனவரி 8. ஏர் மிட்வெஸ்ட் 5481, பீச் 1900டி ரகச் சிறு விமானம், அமெரிக்காவின் சார்லட்டில் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளின் இழுவிசையைச் சரிசெய்திருந்தார்கள். எலிவேட்டர் என்பது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால்பக்கப் பலகை. இழுவிசையை மட்டும் சரிசெய்யும் தனிச் செய்முறை மேனுவலில் இல்லை. எலிவேட்டர் கண்ட்ரோல் முழுவதையும் ரிக் செய்யும், அதாவது அசைவு சரியாக வரும்படி அமைக்கும், நீண்ட செய்முறைதான் இருந்தது. அந்த ரக விமானத்தில் அந்த வேலையை மெக்கானிக் செய்வது அதுவே முதல்முறை. பயிற்சி கொடுத்தவரும், முடிந்த வேலையைச் சோதிக்க வேண்டிய இன்ஸ்பெக்டரும் ஒரே ஆள். இழுவிசைக்குச் சம்பந்தமில்லை என்று பட்ட படிகளை விட்டுவிடலாம் என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். விட்ட படிகளுக்குள்ளேயே தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய படியும் இருந்தது. கேபிளின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் டர்ன்பக்கிள்கள் தப்பாக அமைந்து, மூக்கைக் கீழே இறக்கும் அசைவு வெகுவாகக் குறைந்துபோனது. வால்பக்கம் பாரம் கூடியிருந்ததும் சேர்ந்துகொள்ள, விமானிகளால் மூக்கை இறக்க முடியவில்லை.

இதை முதலில் படித்தபோது அந்த மெக்கானிக்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நாள் கணக்கில் யோசித்தேன். முழுச் செய்முறையையும் செய்ய வேண்டுமா, வேண்டியதை மட்டுமா? அந்த ஒற்றைக் கேள்விக்கு மேனுவலில் பதில் எழுதியிருந்தால் இரண்டு பேர் கூடிப் பேசி முடிவெடுக்க இடமே இருந்திருக்காது.

எண் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261-ஆம் பயணத்தில் வரம்பு எண்ணோடுதான் இருந்தது. அந்த எம்.டி.-83-இன் வாலில், கிடைநிலைப் பட்டையை மேலும் கீழும் அசைக்கும் ஜாக்ஸ்க்ரூ என்ற பெரிய திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே எண்ட் பிளே, அதாவது ஆட்டம், 0.040 அங்குலம்வரை இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் சொச்சம். 1997 செப்டம்பரில் நடந்த பெரிய பரிசோதனையில் ஒரு ஷிப்ட் அளந்தது, சரியாக 0.040. நட்டை மாற்றுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த ஷிப்ட் திரும்பத் திரும்ப அளந்தது, 0.033 என்று வந்தது. மாற்றாமல் விமானத்தை விடுவித்தார்கள். 2000 ஜனவரி 31 அன்று அந்த நட்டின் மரைகள் முற்றிலும் அறுந்து விமானம் கலிபோர்னியாவுக்கு அருகே கடலில் விழுந்தது. 88 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணை முடிவு மூலகாரணமாகச் சொன்னது போதிய கிரீஸ் போடாததை; கிரீஸ் போடும் இடைவெளியையும் ஆட்டம் அளக்கும் இடைவெளியையும் நீட்டிக்கொண்டே போனதைத் துணைக்காரணமாகச் சொன்னது. அந்த 1997 அளவீட்டின்மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்களும் என்னைவிட்டுப் போக மறுக்கின்றன. வரம்பின் விளிம்பிலேயே நிற்கும் ஒரு பாகம், நாளுக்கு நாள் தேயும் பாகம், அடுத்து அளக்க நீண்ட காலம் இருக்கிறது. 0.040 வரம்புக்கு உள்ளே தானே? உள்ளேதான். விளிம்பில் நின்றால் என்ன செய்வது, இரண்டு ஷிப்டின் அளவு ஒத்துப்போகாவிட்டால் எதை எடுத்துக்கொள்வது? ஒரு வரி இருந்திருக்கலாம்.

1979 மே 25 அன்று சிகாகோவில் டிசி-10 ஒன்று என்ஜினை இழந்து விழுந்தபோது 273 பேர் இறந்தார்கள். என்ஜினைத் தனியாகவும், அதைத் தாங்கும் பைலனைத் தனியாகவும் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் செய்முறை. விமான நிறுவனம் இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கியது. விமானம் ஒன்றுக்குச் சுமார் 200 மனித மணி மிச்சம். இதைப் பற்றிக் கேட்டபோது தயாரிப்பாளர் சொன்னது, இந்த முறையை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம் என்பதுதான். கூடாது என்ற சொல் வரவில்லை. செய்முறையை மாற்ற அரசு அமைப்பின் ஒப்புதலும் அப்போது தேவைப்படவில்லை.

மறுபக்கமாகச் சாய்ந்த கதையும் ஒன்று உண்டு. 2006-ல் எம்.டி.-80 விமானங்களின் வீல் வெல்லில் ஹைட்ராலிக் பம்புக்குப் போகும் ஒயர்க்கட்டுகளைப் பாதுகாக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஒரு ஏ.டி. போட்டது. ஏ.டி. என்பது பறக்கும் தகுதிக்கான ஆணை; அது சட்டம், மீறிப் பறக்க முடியாது. ஏ.டி. சொன்னது தயாரிப்பாளரின் சர்வீஸ் புல்லட்டின், அதாவது அவர் வெளியிடும் பராமரிப்பு அறிவிப்பு, சொல்கிறபடி செய் என்று. புல்லட்டினில் ஒயர்களைக் கட்டும் முடிச்சுகளுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி என்பதுவரை விவரம் இருந்தது. ஒயர் உரசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், அது நிறைவேறியாயிற்று என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எழுதிய ஒவ்வொரு எழுத்தும் சட்டம் என்று பரிசோதகர்கள் வந்து நின்றார்கள். 2008 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 3,000-க்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. ஹேங்கரில் மெக்கானிக்குகள் ஸ்கேலை வைத்து முடிச்சுகளுக்கு இடையே அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகு ஒரு மறுஆய்வுக் குழு உட்கார்ந்தது. சில ஆண்டுகளில் அதன் பலனாக ஓர் எளிய வழக்கம் வந்தது. ஏ.டி.யின் நோக்கம் நிறைவேற அவசியமான படிகளுக்குப் பக்கத்தில் ஆர்.சி., அதாவது ‘இணங்கக் கட்டாயம்’, என்ற குறி. அந்தக் குறி இருந்தால் எழுதியபடியே செய்ய வேண்டும். மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குறி இல்லாத படியை, ஏற்கப்பட்ட வேறு முறையிலும் செய்யலாம். இரண்டே எழுத்து. எது உயிர்நாடி, எது வழக்கம் என்று எழுதுபவரே பிரித்துச் சொல்கிறார். மெக்கானிக்கின் தலையில் இருந்த ஒரு சுமையை, அதைச் சுமக்க வேண்டியவரின் மேசைக்கே திருப்பிக் கொண்டுபோன சீர்திருத்தம் அது. நான் அறிந்தவரை இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

இன்னும் தீராதவையும் இருக்கின்றன. உரிமம் இல்லாத ஒருவர் வேலை செய்யும்போது, மேற்பார்வை செய்பவர் ‘தேவையான அளவுக்கு’ நேரில் கவனிக்க வேண்டும், ஆலோசனைக்கு ‘நேரில்’ கிடைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. வீடியோ அழைப்பில் பார்த்தால் அது நேரிலா? ஆகாது என்று 2024-ல் எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவு விளக்கம் கொடுத்தது. தொழிலில் இருந்து பலத்த எதிர்ப்பு எழுந்து, பிறகு அந்த விளக்கமே நிறுத்திவைக்கப்பட்டது. நேரில் என்றால் நேரில்தான் என்பது என் கருத்து. துணியில் சிக்கிய அந்த ஒற்றைக் கம்பியை எந்தக் கேமராவும் எனக்குக் காட்டியிருக்காது. ஆனால் ‘தேவையான அளவு’ என்பதில் எனக்கே தெளிவில்லை. பையன் ஒரு போல்ட்டை முறுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டுமா, முறுக்கிய பிறகு டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தால் போதுமா? ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து நானே முடிவு செய்கிறேன்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

விமானத்தை விடுவிக்கும்போது நாங்கள் போடும் கையெழுத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஐரோப்பிய விதியின் சொற்களில் சொன்னால், பறத்தலின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்த குறைபாடு எதுவும் இல்லை என்று உறுதி சொல்கிறோம். பத்து நிமிடத்துக்கு ஏழு துளி எனக்குத் தெரியும். அது ஆபத்தா என்று தெரியாது. தெரியாததற்கு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஸ்டோரில் மாற்று ஆக்சுவேட்டர் இருந்தது. மாற்றினோம். பிரஷர் ஏற்றி, பல முறை நீட்டிச் சுருக்கி, கசிவு இல்லை என்று பார்த்தோம். இந்த முறை கையால் தடவி, துணியால் துடைத்து. விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பியது.

மறுநாள் கூட்டத்தில் ஒரே கேள்வி. மேனுவலின் எந்த வரி மாற்றச் சொன்னது? எந்த வரியும் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் ஏன் மாற்றினீர்கள்? மாற்ற வேண்டாம் என்றும் எந்த வரியும் சொல்லவில்லை என்றேன். அது அங்கே எடுபடவில்லை. தாமதத்துக்கு ஒரு காரணக் குறியீடு போட வேண்டும். தெளிவில்லாத வாக்கியம் என்று ஒரு குறியீடு அவர்களிடம் இல்லை. என் பெயரில் முடிந்தது.

நானும் பையனும் உட்கார்ந்து தயாரிப்பாளருக்குக் கேள்வி அனுப்பினோம். துளிக் கணக்கு, பிரஷர் நிலை, புகைப்படம் எல்லாம் இணைத்து, அளவுக்கு மீறி என்றால் எவ்வளவு என்று கேட்டோம். 19 நாள் கழித்துப் பதில் வந்தது. நின்ற நிலையில் நிமிடத்துக்கு இத்தனை, நீட்டிச் சுருக்கிய பிறகு இத்தனை என்று இரண்டு எண்கள். எங்கள் ஏழு துளி அந்த வரம்புக்கு உள்ளேயே இருந்தது. அந்த ஆக்சுவேட்டர் பறந்திருக்கலாம். அடுத்த மேனுவல் திருத்தத்தில் எண்களைச் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பையன் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"சார், நீட்டிச் சுருக்கின பிறகு எண்ணணும்னு போட்டிருக்காங்க. எத்தனை தடவை நீட்டிச் சுருக்கணும்னு போடலையே?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். போடவில்லை. படிவத்தை மறுபடி திறந்து அவனையே தட்டச்சு செய்யச் சொன்னேன்.